கேமலினா விதைக்குள் விளக்கெண்ணெய்: செய்ய நினைப்பவர்களுக்கு

கேமலினா என்னும் எண்ணெய்வித்துச் செடியில் வேறொரு செடியின் மரபணுவை வைக்கப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலைக்கும் மரபணுவுக்கும் தொடர்பே இல்லை. எந்த ரகத்தில் கை வைக்கப் போகிறீர்களோ அந்த ரகத்தின் விதையில் நூறை எண்ணுங்கள். ஈரமான வடிதாளில் பரப்பி, மூன்றாம் நாள் எத்தனை முளைத்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு நூறை எண்ணி எடை போட்டு, அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு ஆண்டு கழித்து உங்கள் வேலை தேறியதா இல்லையா என்று சொல்லப்போவது இந்த இரண்டு எண்கள்தாம். நான் இதைச் செய்யாமல் தொடங்கியவள். பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

கனடாவின் சமவெளி மாகாணம் ஒன்றில், ஒரு பல்கலைக்கழகப் பசுமைக்குடிலில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வெளியே பனி முழங்கால் அளவு கிடக்கும்போது உள்ளே செடியைத் தலைகீழாகப் பிடித்து நுண்ணுயிர்க் கரைசலில் முக்கிக்கொண்டிருப்பேன். ஊரிலிருந்து வேளாண்மையும் உயிர்த்தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைகள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: எண்ணெய்வித்துப் பயிருக்குள் வேறொரு செடியின் விலையுயர்ந்த பொருளை எப்படி உண்டாக்குவது? பொதுவாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு பொருளை வைத்துச் சொல்கிறேன். அது ரிசினோலெயிக் அமிலம், அதாவது விளக்கெண்ணெயின் உயிர்.

எதற்காக இந்த வம்பு

என் ஊர் ஆத்தூர்ப் பக்கம். அப்பா கடலைக் காட்டைச் சுற்றி வரப்போரம் ஆமணக்கு போடுவார். கடலைக்கு வர வேண்டிய புரோடீனியா அந்துப்பூச்சி ஆமணக்கு இலையில் முட்டையை வைத்துவிடும். முட்டைக் குவியலோடு இலையைக் கிள்ளி எறிந்தால் மருந்துச் செலவு குறையும். காய் கிடைப்பது அதற்கு மேல் லாபம். பக்கத்தில் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆகவே ஆமணக்கை எனக்குப் புத்தகத்துக்கு முன்பே தெரியும். அதன் குணக்கேடும் தெரியும். குலைகள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை போய்ப் பறிக்க வேண்டும். விதையில் ரிசின் என்னும் நஞ்சு உண்டு. அது எண்ணெயோடு வராமல் புண்ணாக்கில் தங்கிவிடுவதால் ஆமணக்குப் புண்ணாக்கு மாட்டுக்கு ஆகாது, உரத்துக்குத்தான் போகும். போதாக்குறைக்கு விதையின் புரதம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். உறைபனி விழும் நாட்டில் ஆமணக்கை நினைத்தே பார்க்க முடியாது.

ஆனால் அதன் எண்ணெயில் 85 முதல் 90 விழுக்காடு ரிசினோலெயிக் அமிலம். பதினெட்டுக் கார்பன் சங்கிலியில் பன்னிரண்டாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு, ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒன்றுக்காகத்தான் மசகெண்ணெய், நைலான்-11, பூச்சு, அழகுப்பொருள் என்று இத்தனை தொழில்கள் ஆமணக்கைத் தேடி வருகின்றன. உலகத்தின் ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஆமணக்கு நன்றாக விளையும் இடத்தில் ஆமணக்கை விதைப்பதுதான் புத்திசாலித்தனம். இந்த வேலை அது விளையாத நிலங்களுக்கானது.

செடியைத் தேர்ந்தெடுப்பது

கேமலினா கடுகுக் குடும்பம். ஐரோப்பாவில் பழங்காலத்திலேயே பயிரிட்டு, பிறகு மறந்துபோன செடி. குளிரைத் தாங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது, நூறு நாளுக்குள் முற்றிவிடும். பேரிக்காய் வடிவக் குட்டிக் காய், உள்ளே செம்பழுப்பு விதை. ஆயிரம் விதை சேர்ந்தால் ஒரு கிராமைச் சுற்றி வரும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய். இதைவிடப் பெரிய வசதி, திசு வளர்ப்பு தேவையில்லை. பூவை முக்கினாலே மரபணு ஏறிவிடும். கடுகு, சோயா போன்றவற்றில் கண்ணாடிக் குப்பியும் ஹார்மோனுமாக மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

குறையும் உண்டு. கேமலினா ஆறு தொகுதி குரோமோசோம்கள் கொண்ட செடி. எந்த மரபணுவை எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே மாதிரி மூன்று இருக்கும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு இது தடையில்லை. இருப்பதை அணைக்க நினைத்தால் மூன்றையும் அணைக்க வேண்டும். 2017-ல் மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் அதையும் செய்து, ஒலெயிக் என்னும் கொழுப்பு அமிலத்தை 16 விழுக்காட்டிலிருந்து 50-க்கு மேல் ஏற்றிக் காட்டினார்கள்.

வேறு பொருள்கள் மேல் ஆசை இருப்பவர்களுக்கு: இதே செடியில்தான் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஜோனதன் நேப்பியர் குழுவினர் பாசி முதலியவற்றின் மரபணுக்களை வைத்து மீன் எண்ணெயின் ஒமேகா-3 அமிலங்களை உண்டாக்கினார்கள். 2014-ல் அது வயலுக்கும் வந்தது. நுட்பம் ஏறக்குறைய ஒன்றுதான்.

மரபணுவும் அதன் முன்துண்டும்

ஆமணக்கின் ஹைட்ராக்சிலேஸ் மரபணுவை 1995-ல் பிரித்தெடுத்தார்கள். அது எல்லாச் செடியிலும் இருக்கும் எஃப்ஏடி2 என்னும் நொதியின் உடன்பிறப்பு. ஒலெயிக் அமிலத்தில் எஃப்ஏடி2 இரட்டைப் பிணைப்பைப் போடும் இடத்தில் இது ஹைட்ராக்சிலைப் போடும். இரண்டுக்கும் எவ்வளவு நெருக்கம் என்றால், எஃப்ஏடி2-வில் நான்கே நான்கு அமினோ அமிலங்களை மாற்றினால் அது ஹைட்ராக்சிலேஸ் வேலையைத் தொடங்கிவிடுகிறது என்று 1998-ல் காட்டினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மரபணுவுக்கு முன்னால் ப்ரமோட்டர் வேண்டும். எங்கே, எப்போது வேலை செய்ய வேண்டும் என்று மரபணுவுக்குச் சொல்வது அதுதான். காலிஃபிளவர் மொசைக் வைரஸின் 35எஸ் கையருகே கிடக்கிறது என்று அதைப் போடாதீர்கள். அது இலை, வேர் என்று எல்லா இடத்திலும் நொதியை உண்டாக்கும். உங்களுக்கு வேண்டியது விதை முற்றும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் ஒன்று. சோயாவின் கிளைசினின், பீன்ஸின் ஃபேசியோலின், ரேப்சீடின் நேப்பின் மூன்றும் சோதித்துப் பார்த்தவை. பல மரபணுக்களை வரிசையாக வைக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே ப்ரமோட்டரைப் போட வேண்டாம். ஒரே டிஎன்ஏ எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வந்தால் சில தலைமுறையில் மரபணு வாயடைத்துப் போவதுண்டு.

அடையாளத்துக்கு டிஎஸ்ரெட் வையுங்கள். பவள இன உயிரி ஒன்றிலிருந்து வந்த சிவப்பு ஒளிர் புரதம். பச்சை விளக்கடியில் சிவப்பு வடிகட்டி வழியாகப் பார்த்தால் மரபணு ஏறிய விதை மட்டும் கனன்று நிற்கும், மற்றவை மங்கிக் கிடக்கும். களைக்கொல்லி தெளித்துச் செடியைச் சாகடித்துத் தேர்ந்தெடுக்கும் வேலை மிச்சம். இவற்றையெல்லாம் சுமந்து செல்லும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்டைக் கட்டும் முறையை இங்கே விவரிக்கவில்லை. அதைச் சொல்லித்தர உங்கள் ஆய்வகத்திலேயே நாலு பேர் இருப்பார்கள்.

முக்குவது

செடியை 22 பாகை வெப்பத்தில், 16 மணி நேர வெளிச்சத்தில் வளருங்கள். நாள் எண்ணிக்கையை நம்பாமல் பூங்கொத்தைப் பாருங்கள். அடியில் ஓரிரண்டு பூ மலர்ந்து, மேலே மொட்டுகள் கொத்தாக நெருங்கியிருக்கும் நேரமே சரியான நேரம். இதே குடும்பத்து அரபிடாப்சிஸில் ஆராய்ந்தபோது, நுண்ணுயிர் மரபணுவைக் கொண்டுபோய் வைப்பது மொட்டுக்குள் இருக்கும் சூலில் என்று தெரிந்தது. மலர்ந்து கருவுற்ற பூவை முக்கி ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே பிடித்த காய்களைக் கத்தரித்து எறியுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஆயிரக்கணக்கான வெறும் விதைகளைச் சலித்துக்கொண்டிருப்பீர்கள்.

மரபணுவைச் செடிக்குள் கொண்டுபோகும் அந்த நுண்ணுயிரான அக்ரோபாக்டீரியத்தின் ஜிவி3101 வகையை 28 பாகையில் இரவு முழுக்கக் குலுக்கி வளர்த்து, சுழற்றிப் படியவைத்து, 5 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் கலக்குங்கள். கடைச் சர்க்கரை போதும். அதில் சில்வெட் எல்-77 என்னும் நனைப்பான் 0.05 விழுக்காடு. அந்தப் புள்ளிக்குப் பின் வரும் பூச்சியத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் ஆண்டு நான் அரை விழுக்காடு ஊற்றிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் முப்பத்தாறு தொட்டியின் பூவும் தரையில் கிடந்தது. பசுமைக்குடிலின் வெப்பம் கூடிவிட்டது என்று சாதித்தேன். கரைசல் பாட்டிலின் மேல் என் கையெழுத்திலேயே அளவு எழுதியிருந்தது.

தொட்டியைச் சாய்த்து, பூங்கொத்து மட்டும் கரைசலில் மூழ்கும்படி வெற்றிடக் கலத்துக்குள் வையுங்கள். 85 கிலோபாஸ்கல் அளவில் ஐந்து நிமிடம். காற்றுக் குமிழிகள் பூவிலிருந்து கிளம்புவது கண்ணுக்குத் தெரியும். வெற்றிடத்தைத் திறக்கும்போது, குமிழி இருந்த இடத்தில் கரைசல் புகுந்துகொள்ளும். பிறகு செடியைப் படுக்கவைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓர் இரவு நிழலில் விடுங்கள். ஒரு வாரம் கழித்து, முதல் முறை மிகச் சிறிதாக இருந்த மொட்டுகளுக்காக இன்னொரு முறை. 2008-ல் கேமலினாவுக்கு இந்த முறையை வகுத்து வெளியிட்டவர்கள் எடுத்துக்கொண்ட மரபணுவே ஆமணக்கின் ஹைட்ராக்சிலேஸ்தான். ஆகவே நீங்கள் போகப்போவது நன்றாக மிதிபட்ட பாதை.

அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். மை பசுமைக்குடில் வெயிலில் மூன்று மாதம் தாங்காது.

சிவப்பைப் பொறுக்குவது

விதையைக் காயவைத்தே வேலை செய்ய வேண்டும். ஈரக் கை பட்டால் கேமலினா விதை சப்ஜா விதை மாதிரி வழவழப்பைக் கக்கும். பிறகு விரலிலும் இடுக்கியிலும் ஒட்டிக்கொண்டு விடவே விடாது. கறுப்புத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, அறையை இருட்டாக்கி, பச்சை விளக்கைப் பிடியுங்கள். நூறு விதைக்கு ஒன்று சிவந்தால் நல்ல நாள். பெரும்பாலான நாளில் அதைவிடக் குறைவுதான்.

ஒவ்வொரு சிவப்பு விதையும் தனி நிகழ்வு. மரபணு எங்கே போய் உட்கார்ந்தது என்பது விதைக்கு விதை மாறும். இருபத்தைந்துக்குக் குறையாமல் வளருங்கள். அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு செடியின் விதையையும் எண்ணி, முக்கால் பங்கு சிவப்பு, கால் பங்கு மங்கல் என்று வருபவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மரபணு ஒரே இடத்தில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அதற்கும் அடுத்த தலைமுறையில் எல்லா விதையும் சிவந்தால் அந்தச் செடியின் வழிவந்த வரிசை நிலைபெற்றுவிட்டது. கணக்குப் போட்டால் பூவைக் கரைசலில் முக்கிய நாளிலிருந்து இதுவரை ஓராண்டுக்கு மேல் போயிருக்கும்.

இரண்டாம் தலைமுறையில் அவசரப்பட்டு மங்கல் விதையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரே செடி, ஒரே காய், ஒரே வெயில், ஒரே தண்ணீர். வேறுபாடு அந்த மரபணு மட்டும். சிவப்பு விதையை ஒப்பிட்டுப் பார்க்க அதன் சொந்தத் தங்கையைவிட நம்பகமானது எதுவும் இல்லை.

எண்ணெயை அளப்பது, நான் ஏமாந்த இடம்

விதையை அமிலம் கலந்த மெத்தனாலில் சூடாக்கினால் கொழுப்பு அமிலங்கள் மெத்தில் எஸ்டராகும். ஹெக்சேனில் இழுத்து வாயு நிறப்பகுப்புக் கருவியில் ஏற்றினால் ஒவ்வோர் அமிலமும் வரைபடத்தில் ஒரு சிகரமாக வரும். ஒற்றை விதையே போதும். ரிசினோலெயிக் போன்ற ஹைட்ராக்சி அமிலங்கள் கடைசியில், சோம்பலாக வரும். வழக்கமான நேரத்தில் ஓட்டத்தை நிறுத்தினால் அவை வரவேயில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். ஓட்டத்தை நீட்டுங்கள்.

சூடாக்கும் முன் பதினேழு கார்பன் அமிலத்தின் கொழுப்பைத் துல்லியமாக எடை போட்டுச் சேருங்கள். கேமலினாவில் அது இயல்பாக இல்லாததால் அதன் சிகரம் அளவுகோலாகும். அதை வைத்துத்தான் ஒரு விதையில் மொத்தம் எத்தனை மைக்ரோகிராம் எண்ணெய் என்று சொல்ல முடியும். நான் அதைச் சேர்க்கவில்லை. எனக்கு விழுக்காடு போதுமாக இருந்தது. எட்டாம் எண் வரிசையில் ஹைட்ராக்சி அமிலம் பதினான்கு விழுக்காடு வந்தது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன்.

பெருக்குவதற்காக எட்டாம் எண் விதையை எழுபத்திரண்டு குழித் தட்டில் போட்டேன். முப்பத்தொன்று வந்தது, அதுவும் தாமதமாக. தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்து மறுபடி போட்டேன், அதே கதை. அப்போதுதான் விதையை எடை போடத் தோன்றியது. ஆனால் எதோடு ஒப்பிடுவது? தாய் ரகத்தின் அந்த ஆண்டு விதை தீர்ந்துபோயிருந்தது, எண்ணும் இல்லை, எடையும் இல்லை. மங்கல் தங்கைகளையும் தூக்கி எறிந்திருந்தேன். எல்லாவற்றையும் மறுபடி வளர்த்து, அளவுகோலோடு அளந்து முடிக்க எட்டு மாதம் ஆனது. அளந்தபோது தெரிந்தது: எட்டாம் எண்ணின் விதை சூம்பியிருந்தது, மொத்த எண்ணெயே கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. குறைந்துபோன எண்ணெயில் பதினான்கு விழுக்காடு என்பதை வைத்து நான் கேக் வெட்டியிருக்கிறேன்.

ஏன் இப்படி

இந்தப் பகுதியைப் புரிந்துகொண்டால் வேறு எந்தப் பொருளை உண்டாக்கப் போனாலும் உதவும். ஹைட்ராக்சிலேஸ் தனியாக மிதக்கும் கொழுப்பு அமிலத்தின் மேல் வேலை செய்வதில்லை. செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வில், பாஸ்பாடிடைல்கோலின் என்னும் கொழுப்பில் மாட்டியிருக்கும் ஒலெயிக் அமிலத்தின் மேல்தான் வேலை செய்கிறது. உண்டான ரிசினோலெயிக் அமிலத்தைச் சவ்விலிருந்து கழற்றி எண்ணெய் மூலக்கூறில் ஏற்றியாக வேண்டும். ஆமணக்கில் அதற்கென்றே பழகிய நொதிகள் இருக்கின்றன. கேமலினாவின் நொதிகள் இந்த அமிலத்தைப் பார்த்ததேயில்லை. நெல் அறுத்துக் குவித்தாயிற்று, கிடங்குச் சாவிதான் வேறு ஊரில் இருக்கிறது என்கிற நிலை. சரக்கு வாசலிலேயே தேங்குகிறது. சவ்வு தன் வேலையைச் சரியாகச் செய்ய முடிவதில்லை. அதோடு, தேக்கத்தை உணர்ந்த செல் புதிய கொழுப்பு அமிலம் உண்டாக்குவதையே தணித்துவிடுகிறது. அந்தச் சங்கிலியின் முதல் நொதியே அடங்கிப்போகிறது என்று 2014-ல் அரபிடாப்சிஸில் காட்டினார்கள்.

அரபிடாப்சிஸில் ஹைட்ராக்சிலேஸ் மட்டும் வைத்தபோது எண்ணெயில் ஹைட்ராக்சி அமிலம் 17 விழுக்காட்டைத் தாண்டவில்லை. 2008-ல் ஆமணக்கின் டிஜிஏடி2 என்னும் ஏற்றுநொதியையும் சேர்த்தார்கள், 30-ஐ நெருங்கியது. ஆமணக்கு 90-ஐத் தொடுகிறது. ஒரு மரபணுவில் முடியாது என்பது இதிலேயே தெரிகிறது.

ஆகவே முதல் பிளாஸ்மிட்டிலேயே ஹைட்ராக்சிலேஸோடு ஆமணக்கின் ஏற்றுநொதி ஒன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு சேர்க்கலாம் என்றால் இரண்டாவது முறை முக்குவதற்கு வேறு அடையாளம் வேண்டியிருக்கும், சிவப்பைத்தான் செலவழித்துவிட்டீர்களே. ஒலெயிக் அமிலத்துக்குக் கேமலினாவுக்குள் இன்னும் இரண்டு பங்காளிகள் உண்டு: எஃப்ஏடி2 அதை லினோலெயிக்காக மாற்றும், எஃப்ஏஇ1 சங்கிலியை இருபது கார்பனுக்கு நீட்டும். இருவரையும் விதையில் மட்டும் அடக்கினால் ஹைட்ராக்சிலேஸுக்குச் சரக்கு கூடுதலாகக் கிடைக்கும். செடி முழுக்க எஃப்ஏடி2-வை ஒழித்துக்கட்டப் போகாதீர்கள், செடி குட்டையாகிவிடும்.

அனுமதி

இதை வீட்டு மாடியில் செய்ய முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியாது, செய்யவும் கூடாது. இந்தியாவில் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள் இதற்குப் பொருந்தும். முதலில் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு, பிறகு மத்தியக் குழுக்கள், வயலுக்குப் போவதென்றால் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவான ஜிஇஏசி வரை ஏற வேண்டும். மரபணு மாற்றக் கடுகான டிஎம்எச்-11 அந்தக் குழுவின் பரிந்துரையை 2022-ல் பெற்றும், 2024-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் இரு வேறு தீர்ப்பு எழுதிய கதையைப் படித்துப் பாருங்கள். அதில் சொல்லப்படும் கவலைகள் எல்லாமே அறியாமையில் எழுந்தவை என்று நான் நினைக்கவில்லை. விதை எவ்வளவு எளிதாகத் தப்பும் என்று பார்த்தவள் நான். கால்சட்டை மடிப்பில் ஒரு முறை ஏழு கிடந்தன. வெளியேறும் முன் ஒட்டுருளையால் உடையைத் துடையுங்கள், தொட்டி மண்ணை அழுத்தக் கலத்தில் வேகவைத்த பிறகே கொட்டுங்கள்.

சேமிப்பது

காய்ந்த விதையைக் காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில், 4 பாகை குளிரில் வையுங்கள். உறையின் மேல் வரிசை எண், தலைமுறை, அறுத்த தேதி, ஒரு விதைக்கான எண்ணெய், நூறு விதையின் எடை, நூற்றுக்கு எத்தனை முளைத்தது. ஹைட்ராக்சி விழுக்காட்டை நான் இப்போது உறையின் பின்பக்கம் எழுதுகிறேன். ஏற்றுநொதி சேர்த்த வரிசைகளில் இருபத்திரண்டாம் எண்ணை நேற்று எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் முளைப்பு எண்பத்தொன்பது என்று இருந்தது. மங்கல் தங்கைகளின் உறையில் தொண்ணூற்று மூன்று. அடுத்த திங்களன்று தட்டில் போடப் போகிறேன்.